1987 ஜூலைக்கு முன் பிறந்த முகாம் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவம் வீடு வீடாக வந்தபோது, கொங்கு நாட்டுத் தோட்டம் துரவுகளில்கூட இரண்டு தேதிகள் பேச்சில் அடிபட்டன. ஒன்று 1987 ஜூலை 1. மற்றொன்று 2004 டிசம்பர் 2. இவை தேர்தல் ஆணையம் புதிதாகக் கண்டுபிடித்த தேதிகள் அல்ல. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலிருந்து வந்தவை. பவானிசாகர், அறச்சலூர், பூலுவபட்டி, வேடர் காலனி, ஆழியாறு, கோட்டூர், திருமூர்த்தி நகர், இராயனூர் என்று நம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கும் ஒவ்வொருவரின் தலையெழுத்தையும் இதே தேதிகள்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் இந்தத் தேதிகளை வைத்து அவர்களை வரிசையாகப் பிரித்துப் பார்ப்பது அரிது. முகாம் பதிவேட்டில் பெயர் இருந்தால் 'இலங்கை அகதி' என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டுக்குள் சட்டப்படி ஏற்கெனவே இந்தியக் குடிமக்களாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதிதாகக் குடியுரிமை தரத் தேவையில்லை. இருப்பதற்கான தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தால் போதும்.

சட்டம் சொல்வது சிக்கலானது இல்லை. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூன் 30-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகளைத் தவிர இதற்கு நிபந்தனை கிடையாது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவராவது அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' (உரிய பயணத் தாள் இல்லாமல் நுழைந்தவர், அல்லது தாளோடு வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர்) அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து முதல் அலை வரத் தொடங்கியது 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. அங்கிருந்து 1987 ஜூன் முடிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அந்த நான்கு ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலும் முகாம் தாய்மாருக்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் பிறந்த நொடியிலேயே இந்தியக் குடிமகன், குடிமகள். இன்று நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கும் இவர்களில் பலர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்க்கொண்டு, மாதாமாதம் முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கைக்கு வந்து கையெழுத்தும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1986-ல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஒருவருக்குச் செல்லும் பிரிவு அவரைப் போலவே பிறந்த மற்றவர்களுக்கும் செல்லும். ஒவ்வொருவரும் மதுரை வரை போய் வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டும் என்பது என்ன நியாயம்?

பிறகு ஏன் தடுக்கிறது? காரணம் பெரும்பாலும் பதிவேட்டில் இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் அலையில் வந்த பல குடும்பங்கள் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் திரும்பிப் போயின. 1990-ல் போர் மறுபடி மூண்டதும் கைக்குழந்தைகளாகப் போனவர்களையும் கூட்டிக்கொண்டு படகேறி வந்தன. முகாம் பதிவேட்டில் ஏறியது அந்த இரண்டாவது வருகைதான். 1985-ல் மண்டபத்தில் பிறந்த பிள்ளைக்கு '1990-ல் வருகை, பிறந்த இடம் மன்னார்' என்று எழுதப்பட்டிருக்கும். இறங்கிய அவசரத்தில் குடும்பத் தலைவர் ஊரைச் சொல்ல, எல்லாருக்கும் அதையே எழுதிக்கொண்டார்கள். பிறகு பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'தேசியம்: இலங்கை' என்று வந்தது, அதைப் பார்த்து ஆதாரில் அதே பிறந்த தேதி வந்தது. இப்படி ஒரு பிழை முப்பத்தைந்து வருடமாக நகல் எடுக்கப்பட்டு வருகிறது. மாற்றுச் சான்றிதழ் யாருக்கும் குடியுரிமை கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. ஆதாரும் அப்படித்தான், அது இந்தியாவில் வசிப்பதற்கான அடையாளம் மட்டுமே.

எனவே தேட வேண்டியது மூலப் பிறப்புப் பதிவை. பிறப்பு, பெற்றோர் குடியிருந்த இடத்தில் பதிவாகாது. பிரசவம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். பவானிசாகர் முகாமில் இருந்த தாய் சத்தியமங்கலம் மருத்துவமனையில் பெற்றிருந்தால் சத்தி நகராட்சியிலும், கோபியில் பெற்றிருந்தால் கோபி நகராட்சியிலும் பார்க்க வேண்டும். ஊராட்சிப் பகுதியில் நடந்த பழைய பிறப்புகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அந்தக் காலப் பதிவுகளை இணையத்தில் தேடி 'இல்லை' என்று வந்தால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடினால் அகப்படாது. பெயர் வைக்கும் முன்பே பதிந்திருப்பார்கள். 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். தாய் பெயர், தந்தை பெயர், தேதி, இவை மூன்றையும் வைத்து, சொல்லும் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். முகாம்களில் பலருக்குப் பிறந்த தேதி பள்ளியில் ஆசிரியர் போட்டுக் கொடுத்த தேதி.

பெயரில் வரும் வேறுபாடு அடுத்த தொல்லை. இலங்கை வழக்கில் தந்தை பெயரை முழுதாக முன்னால் எழுதுவார்கள். நம் பதிவேட்டில் அது தலைப்பெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். இதற்கு இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரமும், அந்தப் பெயர்கள் வரும் பழைய முகாம் குடும்ப அட்டை நகலும் சேர்த்து வைக்க வேண்டும். பதிவில் பிழை இருந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 15-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். பதிவே இல்லையென்றால் முதலில் பதிவின்மைச் சான்று வாங்கி, 13-ஆம் பிரிவின்படி தாமதப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய முன்பு நீதித்துறை நடுவர் உத்தரவு தேவைப்பட்டது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ உத்தரவு தரலாம். நீதிமன்றப் படி ஏறாமல் முடிகிற காரியமாகிவிட்டது. மருத்துவமனைப் பிரசவப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, முகாம் குடும்பத்துக்கு அரசு ஆள் கணக்கில் தரும் பணக்கொடையில் அந்த மாதம் ஒரு ஆள் கூடியதற்கான கணக்கு, இவை மூன்றும் நல்ல சான்றுகள். பணக்கொடைக் கணக்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குழந்தை பிறந்த மறு மாதமே தொகை ஏறியிருக்கும்; அது அரசு தன் கையாலேயே எழுதிய சான்று.

ஓர் எச்சரிக்கை. திரும்பிப் போயிருந்த காலத்தில் வயது வந்தபின் தானாக விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமைச் சான்று பெற்றவராக இருந்தால் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு குறுக்கே வரும்; வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவருக்கு இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது அது. அதை மறைத்து மனுப் போடக் கூடாது. பின்னால் அது மொத்தத்தையும் கெடுக்கும்.

ஒருவரின் தாள் சரியானால் அவரோடு முடிவதில்லை என்பதையும் பாருங்கள். 1984-ல் இராமேசுவரத்தில் பிறந்த பெண் 2003-ல் முகாமிலேயே மணந்து பெற்ற குழந்தைக்கு, தந்தை இலங்கையில் பிறந்தவரே ஆனாலும், தாய் இந்தியக் குடிமகள் என்பதால் குடியுரிமை உண்டு. அதே தாய்க்கு 2006-ல் பிறந்த அடுத்த பிள்ளைக்கு, தந்தை 'சட்டவிரோதக் குடியேறி' என்று எண்ணப்படுவதால், இல்லை. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன். தாய், தந்தை இருவருமே 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களாக இருந்தால் 2006-ல் பிறந்த பிள்ளையும் குடிமகனே. ஆகவே கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் வழக்கைத் தொடங்க வேண்டிய இடம் அம்மாவின் பிறப்புப் பதிவு.

அடுத்த வகையினர், இலங்கை மலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத்தார். இவர்கள் வரலாறு நம் மண்ணோடு பிணைந்தது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டித் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சியும் சேலமும் முக்கியமானவை. சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல்லும் திருச்செங்கோடும் அதில் அடக்கம். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997-ல்தான். கரூர் தாலுகா 1910 வரை கோவை ஜில்லாவில் இருந்து பிறகு திருச்சிக்குப் போனது. பழைய தாள்களில் ஜில்லா பெயரை மட்டும் பார்த்து ஊரைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட கணக்கு இது. இந்தியா என்று விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர். 1984-ல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. அதற்கு முன் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்று மண்டபத்தில் குடும்ப அட்டை பெற்று, கூடலூர், கோத்தகிரி அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் தொழில் கடன் திட்டங்களிலும் அமர்த்தப்பட்டார்கள். 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கி பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காகவே உருவானது. கப்பல் நின்றபின் படகில் வந்தவர்களோ, இந்தியப் பாஸ்போர்ட்டைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டே வந்திருந்தாலும் 'அகதி' என்று பதியப்பட்டார்கள். வந்தது கப்பலிலா படகிலா என்பதைத் தவிர இரு சாராருக்கும் வேறு வித்தியாசம் இல்லை.

"பாஸ்போர்ட் தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சுங்களே, இனி என்னங்க இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். பாஸ்போர்ட் பயணத் தாள். அதன் தேதி முடியலாம். அதற்கு அடியில் இருக்கும் குடியுரிமை, 5(1)(ஆ) பிரிவில் இந்தியத் தூதரகம் பதிந்து கொடுத்தது. அதற்கு முடிவு தேதி கிடையாது. அந்தப் பாஸ்போர்ட்டின் உள் பக்கத்தில் பதிவு எண்ணும் நாளும் இருக்கும். முகப்புப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து மனுவோடு வைப்பதால்தான் பல மனுக்கள் பாதியில் நிற்கின்றன. எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, நகல் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 1992 டிசம்பர் 10-க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவரின் தந்தை, பிள்ளை பிறந்த நாளில் இந்தியக் குடிமகனாக இருந்தால் அவர் வம்சாவளியால் குடிமகன். தந்தை 1972-ல் பதிவு பெற்று மகள் 1978-ல் நுவரெலியாவில் பிறந்திருந்தால் அவள் இந்தியக் குடிமகள்தான். தந்தை பதிவு பெற்ற நாள் பிள்ளை பிறந்த நாளுக்கு முந்தையதா என்பது மட்டுமே பார்க்க வேண்டியது. பாஸ்போர்ட்டே தொலைந்திருந்தால் பழைய எண், தோட்டத்தின் பெயர், கங்காணி அல்லது துரை கொடுத்த சீட்டு எது இருந்தாலும் எறியாமல் வைத்திருங்கள். மத்திய அரசிடம் குடியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், ஐயத்துக்குள்ளான குடியுரிமைக்குச் சான்று கேட்க இடம் இருக்கிறது. மதுரைக் கிளை 2019 ஜூன் 17 தீர்ப்பில், மலையக வம்சாவளியினர் 65 பேரின் மனுக்களை ஆட்சியர்கள் மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்றது. மனுவை வாங்கவே மறுக்கும் அலுவலகங்களில் இந்தத் தீர்ப்பின் நகலைக் காட்ட வேண்டும்.

இனி, யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்து 1990-லும் அதன் பின்னும் வந்தவர்கள். இவர்களுக்கு இன்றைய சட்டத்தில் கதவு அடைபட்டே இருக்கிறது. பதிவு வழியும் இயல்புரிமை வழியும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரு சொல்லில் மோதி நின்றுவிடும். பாட்டனார் நாமக்கல்லில் பிறந்தவர் என்று காட்டினாலும் பயன் இல்லை. 5(1)(அ) பிரிவு, விண்ணப்பதாரரோ அவர் தாய் தந்தையரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்கிறது. இலங்கை அதில் சேராது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றது. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விடுவித்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் 'குடியுரிமை கிடைத்துவிட்டது' என்று முகாம்களில் பரவிய பேச்சு தவறு. சிறைப் பயம்தான் போயிருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தில் இருக்கும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அதை எடுப்பது நாடாளுமன்றத்தின் வேலை. நம் மேற்கு மாவட்ட உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் அங்கே எழுப்ப வேண்டிய கேள்வி இது.

இந்த வகையில் மிகவும் வருத்தம் தருவது கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைகள் நிலை. கணவர் உள்ளூர்க்காரர், மனைவி முகாமில் பதிவு, குழந்தை 2010-ல் ஈரோட்டில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். தந்தை வாக்காளர், தாத்தா நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர். ஆனாலும் தாயின் நிலை காரணமாகப் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. பெற்றோர்கள் இதை அறிவதே பிள்ளை பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான். அதற்குள் பதினெட்டு வயது கடந்துவிடும். 5(4) பிரிவு, தனிச் சூழ்நிலை இருந்தால் எந்தச் சிறாரையும் குடிமகனாகப் பதியலாம் என்று மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் தாளில்லாமல் உள்ளே நுழைந்தவர், அல்லது நுழைந்தபின் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர் என்று பொருள். ஈரோட்டில் பிறந்த குழந்தை எந்த எல்லையையும் கடந்து நுழையவில்லை. ஆகவே இந்தப் பிரிவில் மனுப் போட அந்தப் பிள்ளைக்குத் தடை இல்லை என்பது என் உறுதியான கருத்து. பதினெட்டு முடியும் முன் மனு போயாக வேண்டும்.

இலங்கைக்குத் திரும்ப விரும்புவோருக்கும் தாள் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளையை இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 5(2) பிரிவில் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்கும் நம் பிறப்புச் சான்றுதான் முதல் தாள். பதியாமல் போனால் பிள்ளை அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர் ஆட்சியர்களுக்கு என் வேண்டுகோள் இது. முகாம் வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த இடம், தேதி, தாய் தந்தையர் பிறந்த இடம், தேதி, கையில் உள்ள இந்திய, இலங்கைத் தாள்கள், இவ்வளவே போதும். வருவாய்த் துறை, பதிவுத் துறை, சுகாதாரத் துறை மூன்றும் ஒரே நாளில் முகாமுக்கே வந்து உட்கார வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மூன்று அலுவலகம் அலைந்தால் யாரும் இரண்டாம் முறை போகமாட்டார்கள். அதற்குத் தயவுசெய்து 'சிறப்பு முகாம்' என்று பெயர் வைக்காதீர்கள். அந்தப் பெயரில் காவலில் வைக்கப்பட்டவர்களின் நினைவு இந்த மக்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆவண முகாம் என்று சொன்னால் வருவார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடுகளும் கட்டத் தொடங்கியது. தங்கள் நாளிதழும் சட்டப்படி குடிமக்களாக இருப்பவர்களைச் செய்திகளில் 'அகதி' என்று எழுதாமல் இருந்தால் நன்று.

முதல் வேலையாக, 1983 ஜூலை முதல் 1987 ஜூன் வரை மண்டபம், இராமேசுவரம் பகுதியில் நடந்த பிறப்புகளின் பதிவேட்டு நகலை இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வரவழைக்க வேண்டும். நம் முகாம்களின் பெயர்ப் பட்டியலோடு அதை ஒத்துப் பார்க்க இரண்டு எழுத்தர்கள் போதும். அந்த ஏடுகளுக்கு நாற்பது வயதாகிறது. கடற்காற்றில் தாள் நைந்து மை மங்கும் முன்பே அதைச் செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.